பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள்

ஓசூரில் வாகன கியர்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் 14 ஆண்டு 8 மாதங்களாக நிரந்தரத் தொழிலாளியாக இருக்கும் 41 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சொந்த ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர். ஓசூரில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். மனைவி தளி சாலையில் உள்ள பசுமைக்குடிலுக்கு ரோஜா வெட்டும் வேலைக்குப் போகிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ஊரில் கட்டிய வீட்டுக்கு இன்னும் மூன்றரை லட்ச ரூபாய் கடன் நிற்கிறது. தொழிற்சாலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தமானது. இவர் வேலை பார்க்கும் ஏற்றுமதி லைனின் கியர்கள் அமெரிக்க கார் கம்பெனி ஒன்றுக்குப் போகின்றன. அந்த லைனை மெக்சிகோவுக்கு மாற்றப்போவதாகப் போன மாதம் நிர்வாகம் அறிவித்தது. இருசக்கர வாகனங்களுக்கான உள்நாட்டு லைன் இங்கேயே நடக்கும். 2020-இல் ஏற்றுமதி நின்றிருந்தபோது நான்கு மாதம் அந்த உள்நாட்டு லைனில்தான் இவர் வேலை செய்திருக்கிறார்.

மொத்தச் சம்பளம் மாதம் 42,000 ரூபாய்; அதில் பேஸிக்கும் டிஏவும் சேர்ந்து 19,500. ‘எல்லாம் உட்பட’ ஒன்பது லட்சம் தருகிறோம், வரும் 15-ஆம் தேதிக்குள் விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். போடாதவர்களுக்கு குஜராத் ஆலைக்கு மாற்றல் வரும் என்றும், பிஎஃப், கிராஜுவிட்டி நின்றுபோகும் என்றும் மனிதவளத் துறை அதிகாரி வாய்மொழியாகச் சொன்னாராம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ‘டீம் லீடர்’ என்று பெயர் மாற்றப்பட்டதால், தொழிலாளர் சட்டம் இவருக்குப் பொருந்தாது என்றும் சொல்கிறார்களாம். ஓராண்டுக்கு முன் 334 ஆக இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் இப்போது 268 பேர். காண்ட்ராக்டில் 150 பேர். பயிற்சியாளர்கள் 90 பேர். எல்லோரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்து, மெஷின் ஏற்றும் லாரியை மறிக்கலாம் என்று சங்கத்தில் ஒரு பிரிவினர் சொல்கிறார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு மினி லாரி எடுக்கலாம் என்கிறார் மைத்துனர். ‘போடலாமா, வேண்டாமா? அரசால் இதைத் தடுக்க முடியாதா? மெக்சிகோக்காரன் நம் சோற்றைப் பறிக்கிறானே, கேட்க ஆளில்லையா?’ என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் உங்கள் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பதினைந்தாம் தேதியை இறக்கிவைத்துவிடுகிறேன். அது நிர்வாகம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட தேதி. எந்தச் சட்டமும் அதை விதிக்கவில்லை. அன்று மாலைக்குள் நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டால், அதிகபட்சமாகக் கைநழுவக்கூடியது விருப்ப ஓய்வுத் திட்டத்தில் அவர்கள் தருவதாகச் சொல்லும் கூடுதல் தொகை மட்டுமே. வருங்கால வைப்பு நிதி உங்கள் பெயரில் உள்ள கணக்கில் கிடக்கும் உங்கள் பணம். அதை நிறுத்திவைக்க எந்த நிர்வாகத்துக்கும் அதிகாரம் இல்லை. ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, ஓய்வு, விலகல், ஆட்குறைப்பு என்று வேலை எந்த வழியில் முடிந்தாலும் 30 நாட்களுக்குள் கொடுக்கப்பட வேண்டியது. தாமதமானால் வட்டியும் சேரும். உங்களிடம் அப்படிச் சொன்ன அதிகாரியிடம் அதையே எழுத்தில் தரச் சொல்லிப் பணிவோடு கேளுங்கள். தர மாட்டார். இன்னொன்று: பத்து ஆண்டு பங்களிப்பைத் தாண்டிவிட்டதால் வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கும் தகுதி பெற்றுவிட்டீர்கள். வேலை போனாலும் அது 58 வயதில் உங்களைத் தேடி வரும். வேறு வேலைக்குப் போகும்போது பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அவசரத்தில் அதைக் கலைத்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் ஒன்று உண்டு. 2012-இல் அந்த கியர் வெட்டும் மெஷின் மரப்பெட்டியில் வந்து இறங்கியபோது அதைத் துடைத்து நிறுத்தியவர்களில் நீங்களும் ஒருவர் என்றும், பின்பக்கத் தகட்டில் பெயின்ட்டுக்கு அடியில் மூன்று பேரின் பெயர்களும் 1987 என்ற ஆண்டும் ஆணியால் கீறப்பட்டிருந்தன என்றும், அது அமெரிக்காவின் மிச்சிகனில் மூடப்பட்ட ஓர் ஆலையிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்துகொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மெக்சிகோக்காரரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அந்தத் தகட்டிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நீங்கள் அந்த மெஷினில் கை வைத்த நாளில் அந்த மூன்று பேரும் உங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்? நீங்கள் அவர்களிடம் எதையும் பறிக்கவில்லை. வேலை தேடி வந்தீர்கள், வந்த மெஷினை ஓட்டினீர்கள்.

அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் செய்துகொண்ட தடையற்ற வணிக ஒப்பந்தம் 1994-இல் நடைமுறைக்கு வந்த பிறகு அமெரிக்க வாகனத் தொழிலில் பெரும் பகுதி எல்லை தாண்டிப் போனது. 2019 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் உற்பத்தியை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் 2017 அக்டோபரில் ஹோல்டன் ஆலை மூடப்பட்டதோடு அந்த நாட்டில் கார் உற்பத்தியே முடிந்தது. இப்போது உங்கள் லைன் நகர்வதற்கு உடனடிக் காரணம் வரிக் கணக்காகத்தான் இருக்கும். 2025 மே 3 முதல் வெளிநாட்டு வாகன உதிரிபாகங்களின் மீது அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய வட அமெரிக்க ஒப்பந்தத்தின் விதிகளுக்குள் அடங்கும் மெக்சிகோ பாகங்களுக்கு அப்போது விலக்கு அளித்தது. ஓசூரில் செய்த கியருக்கு வரி, மெக்சிகோவில் செய்த அதே கியருக்கு வரி இல்லை என்றால், கம்பெனி எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கே தெரியும். இதில் உங்கள் கைத்திறனின் குறை எதுவும் இல்லை. லைன் போவதை அறிவித்த நாளிலிருந்து ‘நான் எங்கே பிழை செய்தேன்’ என்று தூக்கம் வராமல் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இவ்வளவையும் சொன்னேன்.

அரசால் தடுக்க முடியுமா?

நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் அரசின் அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது என்று உங்கள் சங்கத்தில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். நேற்று வரை அது சரி. 1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் அப்படித்தான் சொன்னது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதன்படி முன் அனுமதிக்கான வரம்பு 300 தொழிலாளர்கள். இந்த ஒரு எண் மாறியதில் ஓசூர், சூளகிரி, பர்கூர் பகுதிகளில் எத்தனையோ நடுத்தர ஆலைகள் அனுமதி வளையத்துக்கு வெளியே போய்விட்டன. எனக்கு இது வேதனை தரும் மாற்றம், மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்களுக்கு ஆலோசனை சொல்லும்போது இருக்கிற சட்டத்தை வைத்துத்தான் பேச வேண்டும்.

268 பேர்தானே, நாம் வெளியே போய்விட்டோம் என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். சட்டம் பார்ப்பது இன்றைக்கு கேட்டுக்குள் நுழையும் தலைகளை அன்று. முந்தைய 12 மாதங்களில் ஒரு வேலை நாளுக்குச் சராசரியாக எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்பதையே. 334-லிருந்து 268-க்கு மாதாமாதம் சீராகக் குறைந்திருந்தால் சராசரி 301 வரும். எந்த மாதம் எத்தனை பேர் போனார்கள் என்பதில்தான் உங்கள் வழக்கின் பாதி இருக்கிறது. இதோடு காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் கேள்வியும் சேரும். உங்களுக்குப் பக்கத்து மெஷினில், அதே சூப்பர்வைசரின் கீழ், அதே வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்கிறவரை ஒப்பந்தக்காரரின் ஆள் என்று காகிதத்தில் மட்டும் காட்டியிருந்தால், அந்த ஒப்பந்தம் வெறும் திரை என்று வாதிட இடமுண்டு. 2001-இல் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் பதிவான பயிற்சியாளர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். அப்படிப் பதிவு ஏதும் இல்லாமல் ‘டிரெய்னி’ என்ற பெயரில் முழு உற்பத்தி வேலை செய்பவர்களின் நிலை வேறு. ஆகவே கேன்டீன் டோக்கன் பட்டியல், ஷிப்ட் அட்டவணை, பேருந்துப் பட்டியல் என்று ஆள் எண்ணிக்கையைக் காட்டும் எதுவாக இருந்தாலும் சங்கத்தின் மூலம் இப்போதே நகலெடுத்து வையுங்கள்.

300-க்கு மேல் என்று நிலைநாட்டிவிட்டால், ஆட்குறைப்புக்கு மூன்று மாத முன்னறிவிப்பும் அரசின் முன் அனுமதியும் வேண்டும். அனுமதி பெறாத ஆட்குறைப்பு செல்லாது. ஆனால் விண்ணப்பம் கொடுத்து 60 நாட்களுக்குள் அரசு முடிவைத் தெரிவிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். அந்த 60 நாட்களில் சங்கம் எழுத்துமூலம் ஆட்சேபம் தாக்கல் செய்து, விசாரணையில் ஆஜராக வேண்டும். ‘கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறோம், பார்த்துக்கொள்வார்’ என்று உட்கார்ந்திருந்தால் காலம் ஓடிவிடும்.

அனுமதி முறையே கூட லைனை என்றென்றைக்கும் கட்டிப்போடும் கயிறு ஆகாது. 1978-இல் எக்செல் வேர் வழக்கில், தொழிலை மூடுவதும் தொழில் செய்யும் உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் திருத்தி எழுதப்பட்ட அனுமதி விதியை 2002-இல் ஒரிசா டெக்ஸ்டைல் வழக்கில் செல்லும் என்று ஏற்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இது: கம்பெனி போகலாம், ஆனால் சட்டம் சொல்லும் வழியில், சட்டம் சொல்லும் கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் 1988-ஆம் ஆண்டின் சட்டம் பெரிய ஆலைகளிடம் கேட்பதே 60 நாள் முன்னறிவிப்பைத்தான். அனுமதி என்ற பேச்சே அங்கே இல்லை.

அந்தத் தாள்

நீங்கள் கைபேசியில் படமெடுத்து அனுப்பிய இரண்டு பக்கங்களையும் பெரிதாக்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் ஒரு வரியும் இல்லை. முதல் பத்தியிலேயே ‘எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்’ என்று நீங்கள் சொல்வதாக எழுதியிருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், எனக்கு வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி எந்த மன்றத்திலும் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்கிறது. தொகை எழுதும் இடம் காலி. தேதி எழுதும் இடமும் காலி. தேதியில்லாத விலகல் கடிதத்தில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு அதில் எந்தத் தேதியும் வந்து உட்காரலாம்.

உங்கள் விருப்பத்தை ஏன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தானாக விரும்பி ஓய்வு பெறுவது சட்டத்தின் கண்ணில் ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு இல்லையென்றால் முன்னறிவிப்பு இல்லை, இழப்பீடு இல்லை, அனுமதி பற்றிய கேள்வியும் இல்லை. இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று உண்டு, அதை உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. ஆட்குறைப்பு என்று வந்தால், ஒரே வகைத் தொழிலாளர்களில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் வெளியேற வேண்டும். மாற்றிச் செய்தால் அதற்கான காரணத்தை நிர்வாகம் எழுதிவைக்க வேண்டும். கியர் வெட்டும் ஆபரேட்டர்களில் உங்களுக்குப் பின் சேர்ந்தவர்கள் உள்நாட்டு லைனில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், ஏற்றுமதி லைன் போனாலும் சட்டப்படி வெளியேற வேண்டியவர்களின் வரிசையில் நீங்கள் பின்னால் நிற்கிறீர்கள். அந்தத் தாள் உங்களிடம் கேட்பது இந்த இடத்தைத்தான். அவர்களால் எடுக்க முடியாததை நீங்களாகக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

இதற்கு நிர்வாகம் சொல்லக்கூடிய பதிலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்றுமதிப் பிரிவு தனி நிறுவனம் போன்றது, அதை மட்டும் மூடுகிறோம், ஆகவே சீனியாரிட்டி அந்தப் பிரிவுக்குள் மட்டுமே என்பார்கள். அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. அதை உடைப்பதற்கு இரண்டு லைன்களுக்கும் ஒரே தொழிற்சாலை உரிமம், ஒரே வரவு செலவுக் கணக்கு, ஒரே ஸ்டோர் என்பதோடு, ஆட்களை மாற்றி மாற்றி வேலை வாங்கினார்கள் என்பதையும் காட்ட வேண்டும். 2020-இல் நீங்கள் உள்நாட்டு லைனில் வேலை செய்த நான்கு மாதம் இங்கேதான் உதவும். அந்த மாதங்களின் ஷிப்ட் சீட்டோ, வாட்ஸ்அப்பில் வந்த உத்தரவோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட இரண்டு நண்பர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நிர்வாகம் இன்னும் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் தெரிவிக்கவில்லையென்றால், திரும்பப் பெறுவதாக அவர்கள் இன்றே எழுதிக் கொடுக்கலாம். நாளை வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒன்பது லட்சத்தின் கணக்கு

காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்னோடு கணக்குப் போடுங்கள். உங்கள் பேஸிக்கும் டிஏவும் 19,500 என்றாலும், புதிய சட்டத்தின்படி பேஸிக், டிஏ தவிர்த்த மற்றப் படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்க்கப்படும். உங்கள் மொத்தம் 42,000 என்பதால் கணக்குக்கான ஊதியம் 21,000 ஆகிறது. எட்டு மாதம் கூடுதலாக இருப்பதால் சேவை 15 ஆண்டு என்று கொள்ளப்படும். பணிக்கொடை: 21,000-ஐ 26-ஆல் வகுத்து, 15 நாளால் பெருக்கி, 15 ஆண்டால் பெருக்கினால் 1,81,731 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், அதாவது அரை மாதம்: 1,57,500. ஆலை 300 பேருக்குக் கீழ் என்றே வைத்துக்கொண்டால், ஒரு மாத முன்னறிவிப்புக்குப் பதிலான ஊதியம் 21,000. வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதிக்காக நிறுவனம் செலுத்த, உங்கள் கணக்கில் வரவேண்டிய 15 நாள் ஊதியம் 10,500. எல்லாம் சேர்த்து 3,70,731 ரூபாய்.

சட்டம் உறுதியளிக்கும் கடைசித் தரை இவ்வளவுதான். வழக்குப் போட்டால் இருபது, முப்பது லட்சம் இழப்பீடாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறீர்கள். சட்டத்தில் அப்படி ஒரு தொகை இல்லை. ஆனால் ‘எல்லாம் உட்பட’ ஒன்பது லட்சம் என்றால், நீங்கள் உண்மையில் கூடுதலாகப் பெறுவது ஏறத்தாழ 5,29,000 ரூபாய், அதாவது உங்கள் மொத்தச் சம்பளத்தில் பன்னிரண்டரை மாதம். 58 வயதுவரை உங்களுக்கு இன்னும் 17 ஆண்டு சேவை இருக்கிறது.

சட்டம் தராததைப் பேச்சுவார்த்தை தந்ததற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலைத் தொழிலாளர்கள் கலைந்துபோகாமல் சங்கமாக நின்றார்கள். ஒரு கட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 115 நாள் மொத்தச் சம்பளம் என்றிருந்த நிர்வாகத்தின் பேச்சு, 2022 செப்டம்பரில் 130 நாள் என்று முடிந்தது. உங்கள் ஒன்பது லட்சத்தை அதே அளவுகோலில் வைத்தால், பணிக்கொடையையும் சேர்த்தே ஆண்டுக்கு 43 நாள்தான் வருகிறது. ஃபோர்டு பெரிய நிறுவனம். அதே எண்ணை உதிரிபாகக் கம்பெனியிடம் எதிர்பார்ப்பது நியாயமான கணக்காக இருக்காது. ஆனால் 43-க்கும் 130-க்கும் நடுவில் பேசுவதற்கு நிறைய இடம் இருக்கிறது. தனியாக மனிதவளத் துறை அறைக்குள் போகிறவர் அந்த இடத்துக்குள் நுழையவே முடியாது. ஒருவேளை கடைசியில் விருப்ப ஓய்வுதான் என்று நீங்கள் முடிவெடுத்தாலும், பணிக்கொடை தனி, இழப்பீடு தனி, கருணைத்தொகை தனி என்று தலைப்பு வாரியாக எழுதி வாங்குங்கள். வருமான வரியில் ஒவ்வொன்றுக்கும் சலுகை வேறுவேறு.

டீம் லீடரும் குஜராத்தும்

மேற்பார்வைப் பணியில் இருந்து மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்பது உண்மை. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது சட்டைப்பையில் குத்திய பெயரட்டையை அல்ல, செய்த வேலையை. ஷிப்டில் ஏழு மணி நேரம் நீங்களே மெஷின் ஓட்டுகிறீர்கள், கடைசி அரை மணியில் உற்பத்திக் கணக்கு எழுதுகிறீர்கள், யாருக்கும் விடுப்பு அனுமதிக்கவோ நோட்டீஸ் கொடுக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை என்றால், நீங்கள் தொழிலாளிதான். உற்பத்திப் பதிவேட்டில் ஆபரேட்டர் என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும் பக்கங்களே உங்கள் சாட்சி.

மாற்றல் விஷயத்தில் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் எந்த ஆலைக்கும் மாற்றலாம் என்ற வாசகம் அதிலோ, ஆலையின் பணி விதிகளான நிலையாணைகளிலோ இருந்தால் மாற்றும் அதிகாரம் நிர்வாகத்துக்கு உண்டு. ஆனால் பழிவாங்கும் நோக்கத்தில் செய்தால் அதை எதிர்க்கலாம். உத்தரவு வந்தால் கோபத்தில் வாங்க மறுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். தானாகவே வேலையைக் கைவிட்டார் என்று எழுதிக்கொள்வார்கள். ஓசூரில் இதே போலக் கோபத்தில் வேலைக்குப் போகாமல் நின்ற ஒருவருக்காக நான் ஒன்பது ஆண்டு வழக்கு நடத்தினேன். தீர்ப்பு சாதகமாக வந்தபோது அவருடைய மகனுக்குக் கல்யாணமே முடிந்திருந்தது. உத்தரவைப் பெற்றுக்கொண்டு, ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, தகராறு எழுப்பிவிட்டு, அதன் பின் போவதா நிற்பதா என்பதை உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கூட்டு விடுப்பு வேண்டாம்

உங்கள் நண்பர்களின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதிய சட்டத்தில், பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். முறையான முன்னறிவிப்பு இல்லாத வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அறிவிப்பு கொடுத்த பின்னும் 14 நாள் காத்திருக்க வேண்டும். சம்பளம் பிடிப்பதற்கும், ஒழுங்கு நடவடிக்கைக்கும், அபராதத்துக்கும் அதுவே காரணமாகிவிடும். லாரியை மறித்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகும். அந்த நாளிலிருந்து பேச்சு லைனைப் பற்றி இருக்காது, உங்கள் ஜாமீனைப் பற்றி இருக்கும். மெஷினின் அடிப் போல்ட்டுகளைக் கழற்றுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு வேலை செய்வது எவ்வளவு கொடுமை என்று நீங்கள் எழுதியது என் மனத்தில் இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அதைவிட வலுவான காரியம் ஒன்று இருக்கிறது. சங்கத்தின் பெயரில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தொழிற்தகராறு எழுப்புங்கள். சமரசப் பேச்சு நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறில் சம்பந்தப்பட்ட தொழிலாளர்களின் பணி நிலைமைகளை உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அவர்களுக்குப் பாதகமாக மாற்றச் சட்டம் விடாது. பதினைந்தாம் தேதிக்கு முன்பே அந்த மனு பதிவாகிவிட வேண்டும். தனியாளாகப் பணிநீக்கத்தை எதிர்க்க முன்பு மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது இரண்டு ஆண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கறிஞர் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், ஆலைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தருகிறது. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

மைத்துனரின் யோசனையைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. அவர் உங்கள் நலம் கருதித்தான் சொல்கிறார். ஆனால் ஒன்பது லட்சத்தில் வீட்டுக் கடன் மூன்றரை லட்சம் போனால் மிச்சம் ஐந்தரை. அதில் மகளின் கல்லூரிக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு மட்டும் மினி லாரிக் கணக்குப் போடுங்கள். பாலக்கோடு சந்தைக்குத் தக்காளி ஏற்றினால் வாடகை நிச்சயம் என்கிறார். தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விற்று, பறிக்கவே ஆள் விடாமல் செடியில் விட்ட நாட்களை அந்த ஊர்க்காரரான நீங்கள் என்னைவிட நன்றாகப் பார்த்திருப்பீர்கள். மாறாக, கியர் வெட்டும் மெஷினைச் செட்டிங் போடத் தெரிந்த 41 வயது மனிதருக்கு இந்த மாவட்டத்தில் வேலைக்கான கதவுகள் மூடிவிடவில்லை. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த சிறு, நடுத்தரப் பட்டறைகள் ஓசூரில் நிறைய இருக்கின்றன. மின்வாகன ஆலைகளும் மாவட்டத்துக்கு வந்திருக்கின்றன. அங்கே கியருக்கு வேலை குறைவு, சம்பளமும் தொடக்கத்தில் 42,000 இருக்காது. அதனால்தான் இப்போது கையில் இருக்கும் வேலையைக் கையெழுத்தால் விட்டுவிடாதீர்கள் என்கிறேன். உள்நாட்டு லைனில் உங்களுக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்குவது முதல் வழி. அது முடியாது என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, சங்கத்தோடு சேர்ந்து நல்ல தொகை பேசி விலகுவது இரண்டாம் வழி. தனியாகப் போய் ஒன்பது லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுவதை நான் எந்த வரிசையிலும் வைக்கவில்லை.

இந்த வாரத்திலேயே ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். ‘விருப்ப ஓய்வுத் திட்டத்தின் முழு விவரத்தையும், எனக்கு உரிய தொகையின் தலைப்பு வாரியான கணக்கையும், என் வகைத் தொழிலாளர்களின் பணிமூப்புப் பட்டியலையும் எழுத்துமூலம் தரக் கோருகிறேன், அவற்றைப் படித்துப் பார்க்காமல் என்னால் முடிவு சொல்ல இயலாது, நான் தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்’ என்ற அளவில் போதும். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். ஒப்புகை கேட்டு விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் வீட்டில் வையுங்கள். சங்கச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். பதினைந்தாம் தேதி காலையில் வழக்கம்போல் முதல் ஷிப்டுக்குப் போய்ப் பதிவு போடுங்கள். அறைக்குள் கூப்பிட்டால் தனியாகப் போகாமல் சங்க நிர்வாகி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

மெஷினை லாரியில் ஏற்றும் முன் அந்தத் தகட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள். அது வழக்குக்காக அல்ல.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர்